குறைந்த மரக்கால்

வாசகர் கேள்வி

ஐயா, தென்மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். என் மாமனார் காலத்துக் கடை. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். பில் போடும் இடத்தில் 11 ஆண்டுகளாக ஒரு பெண் இருந்தாள். எங்கள் சபையைச் சேர்ந்தவள்தான். போன மாதம் கணக்குப் பார்த்தபோது, வாடிக்கையாளர் துணியைத் திருப்பிக் கொடுத்ததாகப் பொய்யாகப் பதிவுசெய்து, எட்டு மாதங்களில் 83,000 ரூபாய் எடுத்திருக்கிறாள் என்று தெரியவந்தது. கேட்டதும் அழுது ஒப்புக்கொண்டாள். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார், தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தோம், அதற்கு வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்டத்தான் எடுத்தேன் என்கிறாள்.

தெரிந்த இன்ஸ்பெக்டரை வைத்து ஒரு மிரட்டு மிரட்டினால் பணம் வந்துவிடும் என்கிறார் என் கணவர். சபைக் கமிட்டியார் நான்கு பேர் வீட்டுக்கு வந்து, "மன்னித்துவிடுங்கள் அம்மா, வெளியே தெரிந்தால் சபைக்கு அவமானம்" என்றார்கள். அவர்களில் ஒருவர், ஞாயிறு ஆராதனையில் அவள் முன்னால் வந்து அறிக்கை செய்யட்டும் என்கிறார். என் மாமியார், "அந்தத் தெரு ஆட்களை நம்பினால் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நாங்கள் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சம்பளம் 10,500 ரூபாய். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு எல்லாம் எங்கள் கடையில் யாருக்கும் கிடையாது, ஆனால் கிறிஸ்துமஸுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் உண்டு. கணவர் விழுந்தபோது 5,000 ரூபாய் கையில் கொடுத்தோம். ஓய்வுநாள் பள்ளியில் நான்தான் பிள்ளைகளுக்கு மீகா 6:8 வசனத்தை மனப்பாடம் செய்வித்தேன். நியாயஞ்செய் என்கிறது அந்த வசனம். இரக்கத்தைச் சிநேகி என்றும் சொல்கிறது. இரண்டும் என்னை இரண்டு பக்கம் இழுக்கின்றன. வருகிற முதல் ஞாயிறு நற்கருணை. அவளுக்குப் பக்கத்தில் நான் எப்படி முழங்கால்படியிடுவேன்? எது கிறிஸ்தவம், ஐயா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகர் பதில்

அன்பான சகோதரிக்கு,

முப்பத்து நான்கு ஆண்டுகள் சேகர குருவாக இருந்துவிட்டு இப்போது குடும்ப ஆலோசனையில் உட்கார்ந்திருக்கிறேன். திருட்டைப் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலும் திருடப்பட்ட தொகைதான் இருக்கும். நீங்கள் சம்பளத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதத் துணிகிறேன். சில இடங்களில் உங்களுக்கு வருத்தம் வரலாம். பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் செய்தது திருட்டு. "கஷ்டத்தில் எடுத்துவிட்டாள்" என்று அதைப் பூசி மெழுக வேண்டாம். ஒரு நாள் கை தவறியதல்ல. எட்டு மாதங்கள், உட்கார்ந்து பொய்ப் பதிவு போட்டிருக்கிறார். கடைச் சாவியை நம்பிக் கொடுத்திருந்த ஒருவர் இப்படிச் செய்தால் பணம் போனதைவிட நெஞ்சில் அடி விழுந்ததுதான் அதிகம் வலிக்கும். அந்த வலிக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் விசுவாசத்துக்கு விரோதமானதல்ல. சட்டம் இருக்கிறது; அதை நாடும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் உங்கள் கணவர் சொல்வது புகார் அல்லவே. எழுத்தில் எதுவும் இல்லாமல், தெரிந்த அதிகாரியை வைத்து அந்தப் பெண்ணை நடுங்க வைத்துப் பணம் வாங்குவது. அதற்கு நியாயம் என்று பெயரில்லை. புகார் கொடுப்பதானால் ரசீது பெற்று, வழக்குப் பதிவாகி, அவருக்கும் ஒரு வழக்கறிஞர் பேசும் இடத்தில் நடக்கட்டும். அதற்கு உங்களுக்கு மனமில்லை என்றால் போலீஸ் பேச்சையே எடுக்காதீர்கள். பயமுறுத்த மட்டும் எடுத்துக் காட்டும் சட்டம் மீகா தீர்க்கதரிசியின் காலத்திலும் இருந்தது. தலைவர்கள் பரிதானத்துக்கு, அதாவது லஞ்சத்துக்கு, நியாயந்தீர்க்கிறார்கள் என்று மூன்றாம் அதிகாரத்தில் அவர் கொதிப்பது அதைப் பார்த்துத்தான்.

கமிட்டியாருக்கு வருகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்த நால்வரில் எவராவது அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், வாரத் தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை வாரம் பாக்கி என்று விசாரித்தாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு செய்தி இல்லை. அடுத்தவர் பணத்தை மன்னிப்பது சுலபம். பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை எடுத்து வாசியுங்கள், ஒரே அதிகாரம்தான். எஜமானை விட்டு ஓடிப்போன ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார் பவுல். போனது போகட்டும் என்று எழுதவில்லை. அவன் உமக்கு ஏதாவது அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். கடன் மறைந்துபோகவில்லை, அதைச் சுமக்கும் ஆள்தான் மாறியிருக்கிறார். அந்த நால்வரும் ஆளுக்கு ஐயாயிரம் மேஜையில் வைத்துவிட்டு மன்னிக்கச் சொல்லியிருந்தால் நானும் எழுந்து நின்று ஆமென் சொல்லியிருப்பேன்.

ஆராதனையில் முன்னால் நிறுத்துவது பற்றி ஒரு சொல் போதும்: வேண்டாம். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" குற்றத்தை உணர்த்து என்பதுதான் மத்தேயு 18இல் முதல் படி. அவர் உங்களிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். அதன்பின்னும் ஊர் முன்னால் நிறுத்துவது அறிக்கை அல்ல, வேடிக்கை. பதினோரு ஆண்டு அரைச் சம்பளத்தில் ஆள் வைத்திருந்தவர்களை எந்தச் சபையும் முன்னால் அழைத்து நிறுத்தியதாக நான் பார்த்ததில்லை.

மாமியார் சொன்னதை நீங்கள் ஏன் எழுதினீர்கள் என்று யோசித்தேன். அது தவறு என்று உங்களுக்குள் உறுத்தியதால் எழுதினீர்களா, அதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று தோன்றியதால் எழுதினீர்களா, தெரியவில்லை. இரண்டாவதானால் அதை இன்றைக்கே வெட்டி எறியுங்கள். பொய்ப் பதிவு போட்டது ஒரு பெண், தெரு போடவில்லை. உங்கள் தெருவில் வரியை மறைக்க இரண்டு கணக்கு நோட்டு வைத்திருக்கும் கடைக்காரர் யாருமே இல்லையா? அவர் மாட்டிக்கொண்டால் அது அவருடைய தவறு, இவர் மாட்டிக்கொண்டால் அது தெருவின் புத்தி. ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணும் சபைக்குள் நாம் இன்னும் கொண்டுவந்து வைத்திருக்கிற கள்ளத்தராசு இது. மாமியாரோடு சண்டை போட வேண்டாம். ஆனால் உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது அவர் அதைச் சொன்னால், "இல்லை அத்தை, அப்படிச் சொல்லக் கூடாது" என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

இப்போது மீகாவுக்கு வருவோம். உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளில் நாட்காட்டியில், கல்யாணப் பரிசாக வந்த சுவர்ப்பலகையில், எங்கும் எட்டாம் வசனம் தொங்குகிறது. "நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே எதைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்." அழகான வசனம். ஆனால் அதைச் சட்டகத்துக்குள் தனியாக வைத்துவிட்டதால், அது ஒரு வழக்கின் நடுவில் வருகிறது என்பதே மறந்துபோயிற்று. அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பர்வதங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, கர்த்தர் தம்முடைய ஜனத்தின்மேல் வழக்குத் தொடுக்கிறார். பிரதிவாதி பதறிப்போய்ப் பேரம் பேசுகிறான்: தகனபலி வேண்டுமா, ஆயிரம் ஆட்டுக்கடா வேண்டுமா, ஆறு ஆறாக எண்ணெய் வேண்டுமா, என் தலைச்சன் பிள்ளையையே தரட்டுமா? கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறான். கேட்கப்பட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுப்பான். அந்தப் பேரத்துக்குப் பதிலாகத்தான் எட்டாம் வசனம் வருகிறது.

அதோடு நின்றுவிடவும் இல்லை. பத்தாம், பதினோராம் வசனங்களைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. தானியம் அளக்கும் மரக்காலில் அளவு குறைத்த மரக்கால், கள்ளத்தராசு, கள்ளப் படிக்கற்கள் நிறைந்த பை. இவற்றை வீட்டில் வைத்திருப்பவனை நான் சுத்தமுள்ளவன் என்று எண்ணுவேனோ என்று கர்த்தர் கேட்கிறார். ஆலயத்திலிருந்து நேராகக் கடைத்தெருவுக்கு வந்து நிற்கிறது வழக்கு. மீகா மோரேசா என்ற சிற்றூர்க்காரர். எருசலேம் அரண்மனை ஆள் அல்லர். வயலைப் பறிகொடுத்தவர்களையும், அளவில் ஏமாந்தவர்களையும் அருகில் இருந்து பார்த்தவர். அதனால்தான் நியாயம் என்றவுடன் அவருக்கு முதலில் மரக்கால் ஞாபகம் வருகிறது.

உங்கள் கடையில் மீட்டர் கோலில் ஓர் அங்குலம்கூடக் குறையாது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். மாமனார் காலத்துக் கடை இத்தனை ஆண்டு நிற்பது அதனால்தான். வாடிக்கையாளருக்குத் துணி அளக்கும் கோல் அது. வேலைக்காரருக்குக் கூலி அளக்கும் கோலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமா?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடை ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதற்குள் வருவார்கள். தொழிலாளர் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அவருடைய 10,500 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால், அவர் கட்ட வேண்டியது 79 ரூபாய், நீங்கள் கட்ட வேண்டியது சுமார் 341 ரூபாய். உங்கள் கடையில் ஒரு சாதாரணப் பருத்திச் சேலை என்ன விலை? அந்தப் பதிவில் அவர் மட்டும் அல்ல, அவருடைய குடும்பமும் சேரும். கணவருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறும் உரிமை உண்டு.

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த கணவருக்கு.

இதை நான் கைகள் நடுங்கத்தான் எழுதுகிறேன், அம்மா. முழுச் செலவும் அப்படியே தீர்ந்திருக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றுகிறவர்கள் பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கேதான் கொண்டுபோவார்கள். அரசு மருத்துவமனையும் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம்; கேட்பது சரிதான். ஆனாலும் முதல் நாள் பதற்றம் அடங்கியபின் அவரை மாற்றிக்கொண்டு போக, கைநீட்டாமல் உரிமையோடு நுழைய, அந்தக் குடும்பத்துக்கு ஓர் இடம் இருந்திருக்கும். வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் ஒரு கதவு இருந்திருக்கும். மாதம் 341 ரூபாயை மிச்சம் பிடித்ததில் அந்தக் கதவு அடைபட்டுப்போயிற்று. அதற்குப் பதிலாக நீங்கள் 5,000 ரூபாய் கொடுத்தீர்கள். அது அன்பில் கொடுத்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, கொடுக்கத் தேவையில்லாததைக் கொடுத்து நன்றியையும் வாங்கிக்கொண்டிருக்கிறோம். பேரம் பேசிய அந்தப் பிரதிவாதியும் இதைத்தான் செய்தான்.

இதனால் அவர் திருடியது நியாயமாகிவிடுமா? ஆகாது. அவருடைய கணக்கு அவருடையது. ஆனால் உங்கள் நோட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தையும் எழுதிவிட்டுத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு வரி அந்தப் பக்கத்தில் சேர்க்கிறேன். கடை ஊழியர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் அகவிலைப்படியோடு சேர்ந்து ஆண்டுதோறும் மாறுகிறது. உங்கள் ஊருக்கு இப்போது எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 10,500 அதைத் தொடுகிறதா என்று பாருங்கள். மற்றொன்று பணிக்கொடை. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர் வேலையை விட்டு நிற்கும்போது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கு. மாதத்தை 26 நாளாக எடுத்துக்கொள்வார்கள். 11 ஆண்டுக்கு 66,600 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. கடைக்கு நஷ்டம் விளைவித்ததற்காக ஒருவரை நீக்கினால் அதில் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு முறை இருக்கிறது, வழக்கறிஞரிடம் கேளுங்கள். நான் சொல்ல வருவது, இப்படி ஒரு தொகை உண்டு என்று உங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை என்பதுதான். அவருக்கும் தெரிந்திருக்காது.

நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பதில் முழுவதும் மேடையில் நின்று பேசியதாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் குருவாக இருந்த ஒரு சேகரத்தில் ஆலயக் கோபுரம் கட்டினோம். அசனப் பண்டிகைக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்தோம். அதே ஆண்டில் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளைக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. கட்டட நிதி முடியட்டும் என்று நானும் பொருளாளரும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். அவர் கேட்கவில்லை. அசனத்தன்று அவரைப் பந்தியில் முதல் ஆளாக உட்காரவைத்து, நானே பரிமாறினேன். தாழ்மை என்று நினைத்துக்கொண்டு. அவர் சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு, "ஐயரவர்களே, ஒரு வாளி சாம்பார் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். சம்பளத்தைக் கேட்க வாய் வராத மனிதர் சாம்பாரைக் கேட்டார். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19இல் நானே பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அன்று இரவே பொருளாளரை எழுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன் என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டம்வரை, இன்னும் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே நியாயமும் இரக்கமும் இரண்டு பக்கம் இழுக்கின்றன என்று நீங்கள் எழுதியதை நான் கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறேன். வசனத்தின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். நியாயத்தை *செய்ய* வேண்டும், இரக்கத்தைச் *சிநேகிக்க* வேண்டும். நம்மிடம் இது தலைகீழாகிவிட்டது. நியாயத்தைச் சிநேகிக்கிறோம், அதைப் பற்றிப் பேசுகிறோம், பாடுகிறோம். இரக்கத்தை அவ்வப்போது செய்கிறோம், சேலையாகவும் நோட்டுப் புத்தகமாகவும். அந்த "இரக்கம்" என்ற இடத்தில் எபிரெயத்தில் ஹெசெத் என்ற சொல் இருக்கிறது. 136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 தடவை வருகிறதே, அந்தக் கிருபையும் இதே சொல்தான். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து ஐயோ பாவம் என்பதல்ல அது. ஒருவரோடு ஒருவர் கட்டுண்டவர்கள், மற்றவர் பிசகினாலும் அந்தக் கட்டை அறுத்துவிடாமல் இருப்பது. பதினோரு ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு பெண்களுக்குப் பொருந்துகிற சொல்.

வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்கிறான், அது இரக்கம். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான், அது நியாயம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும் ஒன்றை மற்றொன்றின் கணக்கில் கழிக்கவில்லை. நீங்களும் கழிக்காதீர்கள். "அவள் எடுத்ததும் நாங்கள் கொடுக்காததும் சரியாகிவிட்டது" என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். கேட்க நன்றாக இருக்கும். அப்படிச் செய்தால் இருவருமே தங்கள் தவறைப் பார்க்காமல் தப்பித்துவிடுவீர்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் இப்படிச் செய்வேன்.

அவரைக் கடைக்கு வரச் சொல்ல வேண்டாம், நீங்கள் போங்கள். கணவரோடு, கமிட்டியார் இல்லாமல். உபாகமம் 24இல் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகை வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே அதை வெளியே கொண்டுவந்து கொடுப்பான். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல் உண்டு, அதைத் தாண்டக் கூடாது. உள்ளே வாருங்கள் என்று அவர் சொன்னால் போங்கள். சொல்லாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வீட்டில் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மாமியார் சொன்ன வார்த்தைக்கு அந்தத் தெருவில் நீங்கள் கொடுக்கக்கூடிய பதில் அதுதான்.

முதலில் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. கட்டவில்லை, அது எங்கள் தவறு, இந்த மாதம் எல்லோரையும் பதிவு செய்கிறோம் என்று. அதன்பிறகு அவருடைய பக்கத்தைக் கேளுங்கள். 83,000 ரூபாயையும் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. தள்ளுபடி செய்தால் அவர் தலைநிமிர்ந்து உங்களைப் பார்க்கவே முடியாமல் போய்விடலாம். கொடுத்துத் தீர்க்கும் உரிமையையும் அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. ஆனால் தவணையை அவர் சொல்லட்டும். மாதம் ஆயிரம் என்றால் ஆயிரம். ஏழு வருஷம் ஆகுமே என்று உங்கள் கணவர் கணக்குப் போடுவார். ஆகட்டும். இருவரும் கையெழுத்திட்டு ஒரு தாளில் எழுதி, ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வந்தால், அது அப்போது இரக்கமாக இருக்கும். இன்றைக்கே விட்டுக்கொடுத்தால் அது உங்கள் குற்ற உணர்வுக்குக் கட்டும் விலையாகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

அவருடைய கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். செய்திருந்தால் விபத்துக்கு அங்கே உதவி கேட்க வழி இருக்கலாம். மனு எழுத நீங்கள் உதவலாம், உங்களுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

வேலை? பில் போடும் இடத்தில் மறுபடியும் உட்காரவைக்க வேண்டாம். அது அவருக்கும் நல்லதல்ல. சேலைப் பிரிவிலோ சரக்கு இறக்கிச் சரிபார்க்கும் இடத்திலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாது, நம்பிக்கை போய்விட்டது என்றால் அதையும் நான் பாவம் என்று சொல்லமாட்டேன். பணிக்கொடைக் கணக்கை வழக்கறிஞர் முன்னிலையில் நேராகத் தீர்த்து, மரியாதையாக அனுப்புங்கள். ஒன்று மட்டும்: அவர் வேறு கடையில் வேலை கேட்டுப் போனால், தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடாதீர்கள். யாராவது உங்களைத் தேடி வந்து கேட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீங்களாகத் துரத்திப் போக வேண்டாம்.

அவரைச் சேலைப் பிரிவில் வைத்தால் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். அவருக்கு மட்டும் அல்ல, பதினான்கு பேருக்கும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியாயிற்று. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. இன்னும் எத்தனையோ ஜவுளிக்கடைகளில் பெண்கள் காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பதுவரை சுவரில் சாயக்கூடப் பயந்து நிற்கிறார்கள். நம் கிறிஸ்தவக் கடைகளிலும் அப்படித்தான், சுவரில் மீகா 6:8 தொங்கிக்கொண்டிருக்க.

மனத்தாழ்மையைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கலாம். வசனத்தில் அந்த இடத்தில் வரும் எபிரெய வினைச்சொல் பழைய ஏற்பாட்டில் மிக அரிதாக வரும் சொல். தலையைக் குனிந்துகொள் என்பதைவிட, கவனமாக, அடக்கமாக, அடி பார்த்து நட என்ற பொருள் அதில் இருக்கிறது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் கணக்கை இன்னொருவர் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வதும் அப்படி ஒரு நடைதான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் சம்பளத் தொகையை மறைக்காமல் எனக்கு எழுதியபோதே அந்த நடை தொடங்கிவிட்டது.

நற்கருணை. அவர் பக்கத்தில் எப்படி முழங்கால்படியிடுவேன் என்று கேட்டீர்கள். மலைப்பிரசங்கத்தில் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்று இயேசு சொன்ன இடத்தை மெதுவாக வாசியுங்கள். உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூருவாயாகில் என்கிறார். ஆக, அந்த ஞாயிற்றுக்கு முன்னால் நீங்கள் யோசிக்க வேண்டியது அவர்மேல் உங்களுக்கு என்ன என்பதல்ல; உங்கள்மேல் அவருக்கு என்ன என்பது. முதல் ஞாயிற்றுக்குள் அவர் வீட்டுக்குப் போய்வர முடியாவிட்டால், அந்த மாதம் பந்திக்குப் போகாமல் இருங்கள். யாராவது ஏன் என்று கேட்டால், ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள். யாருடைய கணக்கு என்று சொல்ல வேண்டாம். அவரிடமும் போய், நீ வராதே என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கமிட்டியில் யாராவது சொல்வார்கள்.

ஓய்வுநாள் பள்ளியை விட்டுவிடப் போகிறேன் என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அடித்திருந்தீர்கள். அடித்தது நல்லது. அதே வசனத்தை மறுபடியும் நடத்துங்கள், ஆனால் இந்தத் தடவை பதினோராம் வசனம்வரை போங்கள். பிள்ளைகள் மரக்கால் என்றால் என்ன என்று கேட்பார்கள். மாமனார் வீட்டுப் பரணில் பழையது ஒன்று கிடக்கும், துடைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.